துரையின் அனுமதி போதுமா?

கேள்வி: பதுளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கும் பெண்களைப் பற்றி ஆய்வு செய்கிறேன். துரை (தோட்ட முகாமையாளர்) எழுத்தில் அனுமதி தந்துவிட்டார். பெண்களிடமும் தனித்தனியாகச் சம்மதம் வாங்க வேண்டுமா? கையெழுத்து என்றாலே தயங்குகிறார்கள்.
– பல்கலைக்கழக மாணவி, ஹாலிஎல

பதில்: துரை தந்தது தோட்டத்துக்குள் நுழைய அனுமதி, அவ்வளவுதான். பேசுவதா வேண்டாமா என்பதை அந்தப் பெண்தான் சொல்ல வேண்டும். கொழுந்து நிறுக்கும் இடத்தில், கங்காணி பார்த்துக்கொண்டிருக்கக் கேட்டால் "சரி" என்றுதான் பதில் வரும். அதைச் சம்மதமாகக் கணக்கில் எடுக்காதீர்கள். வேலை முடிந்து லயத்துக்கு (வரிசைக் குடியிருப்புக்கு) வந்தபின் கேளுங்கள். மறுத்தால் வேலைக்கோ பேருக்கோ (நாள் கூலிப் பதிவுக்கோ) பாதிப்பில்லை என்பதையும் சொல்லுங்கள்.

கையெழுத்துத் தயக்கத்தை எழுத்தறிவுக் குறைவு என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். 1948 குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தமோ, இவர்களைக் கேளாமலே இலங்கை, இந்தியா என்ற இரு நாடுகளுக்கும் பங்கு போட்டது. இந்த வரலாறு உள்ளவர்கள் தாளைக் கண்டு யோசிப்பதில் என்ன வியப்பு? சாட்சி வைத்து வாய்மொழிச் சம்மதம் பெறும் முறை உண்டு. அதற்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதலை முன்கூட்டியே வாங்குங்கள்.

பெயரை மாற்றிவிட்டால் அடையாளம் மறைந்துவிடாது. உதாரணமாக, தோட்டத்தின் ஒரு டிவிஷனில் பிள்ளைக்காம்பரா (குழந்தைக் காப்பக) ஆயா ஒருவரோ இருவரோதான் இருப்பார்கள். தோட்டத்தின் பெயரும் அந்த வேலையும் சேர்ந்தால், துரைக்கு ஆளைத் தெரிந்துவிடும்.

கொஸ்லந்தைப் பக்கம் போவதானால் இன்னொன்று. 2014 அக்டோபர் 29 மண்சரிவில் மீரியபெத்தையில் உறவுகளை இழந்தவர்களிடம், உங்கள் தலைப்புக்குத் தேவையில்லாமல் அந்த நாளைப் பற்றிக் கேட்காதீர்கள்.