புதிய பல்லிக்குத் தனி வீடு

பின்வரும் கட்டுரையை வாசித்துப் புரிந்துகொள்க.

பூனை, முயல், மீன் ஆகியவற்றைப் போலவே சிறுத்தைப் பல்லியையும் இன்று சிலர் வீட்டில் வளர்க்கின்றனர். லெப்பர்ட் கெக்கோ என்றும் அழைக்கப்படும் இப்பல்லி, ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், வடமேற்கு இந்தியா ஆகிய பகுதிகளின் வறண்ட பாறை நிலங்களைத் தாயகமாகக் கொண்டது. மஞ்சள் உடலில் கரும்புள்ளிகள் நிறைந்திருப்பதால் இப்பெயர் பெற்றது. நம் வீட்டுச் சுவரில் ஊரும் பல்லிக்கு அசையும் இமைகள் இல்லை. இதற்கோ கண்ணை மூடித் திறக்கும் இமைகள் உண்டு. விரல்களில் ஒட்டும் தன்மை இல்லாததால் இதனால் சுவரில் ஏற முடியாது. தடித்த வாலில் கொழுப்பைச் சேமித்து, உணவு கிடைக்காத காலத்தில் அதைப் பயன்படுத்திக்கொள்ளும்.

சிறுத்தைப் பல்லி ஒன்றை வளர்ப்பவருக்குச் சில மாதங்களில் ஓர் எண்ணம் தோன்றலாம். ‘பாவம், தனியாக இருக்கிறதே! துணைக்கு இன்னொன்றை வாங்கி உடன் விட்டால் என்ன?’ என்று அவர் நினைப்பார். இது அன்பினால் எழும் எண்ணமே. ஆயினும், தனிமையில் வாடுவது மனித இயல்பு. சிறுத்தைப் பல்லி துணையைத் தேடி ஏங்கும் விலங்கு அன்று. தனக்கென ஒரு மறைவிடமும் வெதுவெதுப்பான இடமும் போதிய இரையும் இருந்தால் அது நிறைவாக வாழும்.

‘ஓர் உறையில் இரு கத்திகள் இருக்க முடியாது’ என்னும் பழமொழி இப்பல்லிகளுக்கு நன்கு பொருந்தும். இரண்டு ஆண் பல்லிகளை ஒரே தொட்டியில் விட்டால் அவை கடித்துச் சண்டையிடும். வால் துண்டிக்கப்படலாம், உயிரும் போகலாம். ஆணையும் பெண்ணையும் சேர்த்து வைத்தால், பெண் பல்லி மீண்டும் மீண்டும் முட்டையிட்டு உடல் நலிந்துவிடும். இரண்டு பெண் பல்லிகள் அமைதியாக இருப்பதுபோல் தோன்றினாலும், வலிமையான பல்லி வெதுவெதுப்பான இடத்தையும் இரையையும் தனதாக்கிக்கொள்ளக்கூடும். மற்றொன்று ஓசையின்றி மெலியும். ஒன்றன்மேல் ஒன்று படுத்திருப்பதைப் பாசம் என்று நாம் எண்ணுகிறோம். உண்மையில், அது நல்ல இடத்திற்கான போட்டியாக இருக்கலாம்.

அப்படியானால், இரண்டாவது பல்லியை வாங்கவே கூடாதா? வாங்கலாம், ஆனால், அதற்கெனத் தனித் தொட்டி வேண்டும். அதற்கும் முன்பாக, புதிய பல்லியைத் தனிமைப்படுத்த வேண்டும். 2020ஆம் ஆண்டில் கோவிட்-19 பெருந்தொற்று பரவியபோது நாம் அனைவரும் அறிந்துகொண்ட சொல் இது. புதிய பல்லியைக் குறைந்தது ஒரு மாதம், இயன்றால் மூன்று மாதம் வேறோர் அறையில் வைத்துக் கவனிப்பது நல்லது.

இதற்குத் தக்க காரணம் உண்டு. கிரிப்டோஸ்போரிடியம் என்னும் ஒட்டுண்ணி பல்லியின் கழிவு வழியாகப் பரவுகிறது. இந்நோய் கண்ட பல்லி உண்ண மறுக்கும். அதன் தடித்த வால் குச்சிபோல் மெலியும். இந்நோயை முற்றாகத் தீர்க்க உறுதியான மருந்து இல்லை. வழக்கமான கிருமிநாசினிகளும் இந்த ஒட்டுண்ணியை எளிதில் அழிப்பதில்லை. பார்வைக்கு நலமாகத் தோன்றும் பல்லியும் இதனைச் சுமந்து வரலாம். இரு தொட்டிகள் தனித்தனியே இருந்தாலும், நம் கைகளும் இடுக்கியும் தண்ணீர்க் கிண்ணமும் நோயைச் சுமந்து செல்லக்கூடும்.

எனவே, ஒவ்வொரு பல்லிக்கும் தனித்தனிப் பொருள்களைப் பயன்படுத்த வேண்டும். முதலில் பழைய பல்லிக்கு இரை கொடுத்த பின்னரே புதியதைக் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் சவர்க்காரமிட்டுக் கைகளைக் கழுவ வேண்டும். பல்லிகளிடமிருந்து சால்மொனெல்லா கிருமி மனிதருக்கும் தொற்றலாம். வாரந்தோறும் பல்லியை நிறுத்து, அதன் எடையைக் குறித்து வைக்க வேண்டும். கால்நடை மருத்துவரிடம் கழிவைச் சோதிப்பதும் அவசியம். பின்னர் இரு தொட்டிகளையும் ஒரே அறையில் வைத்தாலும், பல்லிகள் ஒன்றையொன்று பார்க்காதபடி இடையில் ஓர் அட்டையை வைக்கலாம்.

விலங்கு வளர்ப்புச் சட்டம் நாட்டுக்கு நாடு வேறுபடும். அண்டை நாடான சிங்கப்பூரில் சிறுத்தைப் பல்லியை வளர்க்க அனுமதி இல்லை. நம் நாட்டிலும் வாங்குவதற்கு முன் வனவிலங்கு, தேசியப் பூங்காத் துறையிடம் கேட்டுத் தெளிவு பெறுவது நல்லது. நன்கு பராமரித்தால் சிறுத்தைப் பல்லி பத்து ஆண்டுகளுக்கு மேல் வாழும். இன்னொரு தொட்டிக்கு இடமும் பணமும் நேரமும் இல்லையெனில், இருக்கும் ஒன்றையே நன்றாக வளர்ப்பது சிறப்பு. தனக்கு என்ன வேண்டும் என்பதை அப்பல்லியால் நம்மிடம் சொல்ல முடியாது. அதன் இயல்பை அறிந்து நடப்பதே நாம் அதற்குக் காட்டும் அன்பாகும்.

அருஞ்சொற்பொருள்
நலிதல் – வலிமை குறைதல்
ஒட்டுண்ணி – பிற உயிரைச் சார்ந்து வாழும் உயிரி
இயல்பு – இயற்கையான தன்மை

கேள்விகள்
1. சிறுத்தைப் பல்லிக்கும் வீட்டுப் பல்லிக்கும் உள்ள இரண்டு வேறுபாடுகளைக் குறிப்பிடுக.
2. பழைய பல்லிக்கு முதலில் இரை கொடுக்க வேண்டும் என்பதற்கான காரணம் என்ன?
3. ‘துணைக்கு இன்னொரு பல்லி வேண்டும்’ என்று உன் நண்பன் கூறுகிறான். நீ அவனுக்கு என்ன ஆலோசனை கூறுவாய்? காரணத்துடன் விளக்குக.