துன் சம்பந்தன்: விட்டுச் சென்றதும் விடுபட்டதும்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் ஜாலான் துன் சம்பந்தன் என்னும் சாலை இருக்கிறது. மோனோரயில் நிலையம் ஒன்றும் அதே பெயரைத் தாங்கி நிற்கிறது. அந்தத் தலைவர் சமுதாயத்திற்கு விட்டுச் சென்றது என்ன, அவருக்குப் பின் ஏற்பட்ட வெற்றிடம் எத்தகையது என்பதை இப்பகுதி ஆராய்கிறது.

துன் வீ. தி. சம்பந்தன் 1919ஆம் ஆண்டு பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட்டில் பிறந்தார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பயின்றார். 1955 முதல் 1973 வரை ம.இ.கா.வின் தேசியத் தலைவராக இருந்தார். சுதந்திர மலாயாவின் முதல் அமைச்சரவையிலும் இடம்பெற்றார். எனினும், பதவிகளின் பட்டியலை மட்டும் வைத்து ஒரு தலைவரை மதிப்பிட இயலாது. மக்களின் எந்தத் துன்பத்தை அவர் உணர்ந்தார், அதற்கு என்ன வழி கண்டார் என்று பார்க்க வேண்டும்.

சுதந்திரம் கிடைத்த காலத்தில் பல ஐரோப்பிய நிறுவனங்கள் தங்கள் ரப்பர் தோட்டங்களை விற்கத் தொடங்கின. வாங்கியவர்கள் நிலத்தைச் சிறு துண்டுகளாகப் பிரித்து மறுபடியும் விற்றனர். இதனைத் தோட்டத் துண்டாடல் என்பர். பால்மரம் வெட்டிப் பிழைத்தவர்களுக்கு வேலையும் வீடும் ஒன்றோடொன்று பிணைந்திருந்தன. வேலை போனால் குடியிருந்த லயத்து வீட்டையும் காலி செய்ய வேண்டும். தலைமுறையாக வாழ்ந்த இடத்தில் அவர்களுக்குச் சொந்தமாக ஓர் அடி நிலமும் இல்லை.

“விற்கப்படும் தோட்டத்தைத் தொழிலாளர்களே வாங்கினால் என்ன?” இந்த எண்ணத்தின் விளைவாக 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. ஒரு பங்கின் விலை நூறு வெள்ளி. அதை மாதம் பத்து வெள்ளியாகச் செலுத்தலாம். குறைந்த கூலி பெற்ற குடும்பத்திற்கு அதுவும் பெருந்தொகைதான். எனவே, சம்பந்தன் தோட்டந்தோறும் சென்று சங்கத்தின் பயனை விளக்கினார். மறு ஆண்டே கெடாவிலுள்ள புக்கிட் சிடிம் தோட்டம் சங்கத்தின் உடைமையாயிற்று. தொடர்ந்து மேலும் பல தோட்டங்கள் வாங்கப்பட்டன.

இச்சாதனைக்கும் எல்லை உண்டு. நாட்டிலிருந்த தோட்டங்களில் ஒரு பகுதியை மட்டுமே சங்கத்தால் வாங்க முடிந்தது. 1969க்குப் பின், குடியுரிமை இல்லாதோர் வேலை செய்ய அனுமதி பெற வேண்டியிருந்தது. அதனால் தொழிலாளர்கள் பல்லாயிரவர் இந்தியாவுக்குத் திரும்பினர். தலைமை இன்னும் உறுதியாகக் குரல் கொடுத்திருக்கலாம் என்பார் சிலர். கூட்டணி ஆட்சியில் ஒரு சிறிய கட்சியால் அவ்வளவுதான் இயன்றது என்பார் வேறு சிலர். இரு தரப்பின் காரணங்களையும் எடைபோட்டுப் பார்ப்பதே நேர்மையான மதிப்பீடு.

1979 மே மாதம் சம்பந்தன் காலமானார். அவருக்குப் பின் ம.இ.கா.வுக்குத் தலைமையேற்றிருந்த வெ. மாணிக்கவாசகமும் அதே ஆண்டு அக்டோபரில் மறைந்தார். ஐந்து மாதங்களுக்குள் சமுதாயம் இரு பெருந்தலைவர்களை இழந்தது. ஆயினும், கூட்டுறவுச் சங்கம் நின்றுவிடவில்லை. விதிமுறைகளும் உறுப்பினர்களும் கே. ஆர். சோமசுந்தரம் போன்ற அனுபவம் மிக்க நிருவாகிகளும் அதற்கு இருந்தமையே காரணம்.

வெற்றிடம் வேறோர் இடத்தில் தெரிந்தது. பிற்காலத்தில் நகரங்கள் விரிந்தன. தோட்ட நிலங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறின. துண்டாடல் காலத்தைப் போலவே பல குடும்பங்கள் வேலையையும் வீட்டையும் சேர்த்து இழந்தன. பழைய துன்பம் புதிய வடிவில் வந்தபோது, அதற்கேற்ற புதிய திட்டம் அதே வேகத்தில் உருவாகவில்லை. “இன்னொரு சம்பந்தன் வரமாட்டாரா?” என்ற ஏக்கம் இயல்பானதே. ஆனால், அன்று தோட்டங்களை வாங்கியது ஒருவரின் பணமன்று. பலர் மாதந்தோறும் சேர்த்த பத்து வெள்ளி. தலைவர் வழி காட்டினார். மக்கள் நம்பி இணைந்தனர். இவ்விரண்டில் இன்று நம்மிடம் குறைந்திருப்பது எது?

கலந்துரையாடுக: உங்கள் வட்டாரத்தில் பலர் ஒன்றுசேர்ந்தால் தீர்க்கக்கூடிய சிக்கல் ஒன்றைக் கூறி, அதற்கான முதல் படியை விளக்குக.