தண்டுவடக் காயத்திற்குப் பின் வேலை: எப்போது பேசத் தொடங்குவது?

தண்டுவடக் காயத்துடன் எங்கள் மறுவாழ்வு மருத்துவப் பிரிவில் சேர்பவர்கள் முதலில் கேட்பது, “மீண்டும் நடப்பேனா?” என்பதே. இரண்டாவது கேள்வியைப் பலர் வாய்விட்டுக் கேட்பதில்லை. சாரத்திலிருந்து விழுந்த ஒரு கொத்தனாரின் மனைவி, கணவர் உறங்கிய பின் வார்டுக்கு வெளியே வந்து அதைக் கேட்டார்: “டாக்டர், இனி இவரால் ஏதாவது வேலை பார்க்க முடியுமா?”

“முதலில் உடல் தேறட்டும், அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்று விடையளித்தோம். ஓராண்டு கழித்து அவர் மீண்டும் வந்தபோது, உட்காரும் இடத்தில் ஆழமான படுக்கைப்புண் இருந்தது. அவருடைய கருவிகளைக் குடும்பத்தார் விற்றுவிட்டிருந்தனர். அவர்கள்மீது குற்றமில்லை. அவர் இனி ஏதேனும் தொழில் செய்யக்கூடும் என்று நாங்கள் ஒருவருமே அவர்களிடம் சொல்லியிருக்கவில்லை. அன்றுமுதல், வேலையைப் பற்றிய பேச்சை நோயாளி மருத்துவமனையில் இருக்கும்போதே தொடங்கிவிடுகிறோம்.

ஆய்க்குடி தரும் பாடம்

கடுமையான காயத்திற்குப் பின்னும் ஒருவரால் எவ்வளவு பொறுப்பை ஏற்க முடியும் என்பதற்குத் தென்காசி மாவட்டத்து ஆய்க்குடியில் ஒரு சான்று உள்ளது. 1975இல் பொறியியல் மாணவரான எஸ். இராமகிருஷ்ணன், கடற்படை அதிகாரிகளுக்கான தேர்வின் உடல்திறன் சோதனையில் கீழே விழுந்து கழுத்தில் காயமுற்றார். கைகால் நான்கும் செயலிழந்தன. 1981இல், உலகெங்கும் மாற்றுத்திறனாளிகள் ஆண்டாகக் கொண்டாடப்பட்ட அவ்வாண்டில், தம் ஊரிலேயே அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். தமக்குச் சிகிச்சையளித்த இராணுவ மருத்துவர் அமர்ஜித் சிங் சாகலின் பெயரையே அதற்குச் சூட்டினார். சிறு பள்ளியாகத் தொடங்கிய அச்சங்கம் சிகிச்சை, கல்வி, தொழிற்பயிற்சி எனப் பல துறைகளில் வளர்ந்தது. 1992இல் தசைச் சிதைவு நோயுடைய பட்டயக் கணக்காளர் எஸ். சங்கரராமன் அவருடன் இணைந்தார். இராமகிருஷ்ணனுக்கு 2020இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

இதைக் கேட்கும் நோயாளிகள், “அவர் மன உறுதி மிக்கவர், நாங்கள் சாதாரண மனிதர்கள்” என்று கூறுவதுண்டு. மன உறுதி உண்மைதான். ஆனால் மருத்துவர்களாகிய எங்கள் கண்ணுக்கு வேறொன்றும் தெரிகிறது. இவ்வளவு உயரத்தில் தண்டுவடம் காயமுற்ற ஒருவர் ஒரு நாள் பணியாற்ற வேண்டுமானால், காலையில் அவரை எழுப்பி உட்காரவைக்க ஒருவர் வேண்டும். தோலும் சிறுநீர்ப்பையும் நாள்தோறும் தவறாமல் கவனிக்கப்பட வேண்டும். பிறர் உதவியைக் கூச்சமின்றிப் பெறும் பழக்கம் வேண்டும். ஆயிரம் பேருக்கு வழிகாட்டும் நிறுவனத் தலைவராயினும், வீட்டு வாசலில் தையல் இயந்திரம் போடுபவராயினும் இவ்வடிப்படை ஒன்றே. இதை எவரும் கற்றுக்கொள்ளலாம்.

வேலைக்கு உடலை ஆயத்தப்படுத்துதல்

தோல்: உணர்ச்சியற்ற இடத்தில் அழுத்தம் தொடர்ந்தால் புண் உண்டாகும். வலி தெரியாததால் அது வளர்வதும் தெரியாது. படுக்கையில் இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை திரும்பிப் படுக்கவும். சக்கர நாற்காலியில் பதினைந்து முதல் முப்பது நிமிடங்களுக்கு ஒருமுறை உடலைத் தூக்கியோ முன்புறம் சாய்ந்தோ அழுத்தத்தைக் குறைக்கவும். நாள்தோறும் கண்ணாடியின் உதவியால் தோலைப் பார்க்கவும். ஒரு படுக்கைப்புண் பல மாத வருமானத்தைப் பறித்துவிடும்.

சிறுநீர், மலம்: பலர் வேலைக்குச் செல்லத் தயங்குவதன் உண்மையான காரணம் இதுவே, கூச்சத்தால் சொல்வதில்லை. பெரும்பாலானோர் நான்கு முதல் ஆறு மணி நேரத்திற்கு ஒருமுறை தூய்மையான முறையில் கதீட்டர் செலுத்திச் சிறுநீரை வெளியேற்றக் கற்றுக்கொள்ளலாம். மலம் கழிப்பதை நாள்தோறும் ஒரே நேரத்திற்குப் பழக்கினால் எஞ்சிய நேரம் அச்சமின்றிக் கழியும். உங்கள் வேலை நேரத்தை எங்களிடம் கூறுங்கள். அதற்கேற்ப அட்டவணை வகுத்துத் தருவோம்.

கைகள்: கழுத்துக் காயமுற்ற சிலரால் விரல்களை அசைக்க முடியாவிட்டாலும் மணிக்கட்டைப் பின்புறமாக உயர்த்த முடியும். அப்போது விரல்கள் தாமாகவே மூடிக்கொள்ளும். அந்தப் பிடியைக் கொண்டு கரண்டி, பேனா, கைப்பேசி ஆகியவற்றைக் கையாளலாம். உடனிருந்து கவனிப்போர், அன்பு மிகுதியால், மணிக்கட்டையும் விரல்களையும் ஒருசேரப் பின்னோக்கி நீட்டிப் பயிற்சி அளிப்பதுண்டு. அவ்வாறு செய்தால் தசைநாண்கள் தளர்ந்து இப்பிடி கெட்டுவிடும். விரல்களை நிமிர்த்தும்போது மணிக்கட்டு உள்நோக்கி மடங்கியிருக்கட்டும்.

கையொப்பமிடும் முன்

காயத்தின் அதிர்ச்சியில் பணி விலகல் கடிதமோ விருப்ப ஓய்வு விண்ணப்பமோ அளித்துவிட வேண்டாம். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016இன் 20ஆம் பிரிவின்படி, பணிக்காலத்தில் உடற்குறைபாடு நேர்ந்த ஊழியரை அரசு நிறுவனம் பணிநீக்கமோ பதவி இறக்கமோ செய்யக் கூடாது. பழைய பணி பொருந்தாவிடில் அதே ஊதிய விகிதத்தில் வேறு பணி தரவேண்டும். உடனடியாக இடமில்லையெனில் கூடுதல் பணியிடம் உருவாக்கியும் அவரை வைத்திருக்கலாம்.

தனியார் நிறுவனத்தில் இ.எஸ்.ஐ. காப்பீட்டில் உள்ளோர் பணியிடத்தில் காயமுற்றிருந்தால், அதற்குரிய ஊனமுற்றோர் பயனைக் கோரலாம். குறைந்தது 40 விழுக்காடு குறைபாடு என்று சான்று பெற்றோர் அரசுப் பணிகளில் சட்டம் வகுத்த 4 விழுக்காடு இட ஒதுக்கீட்டிற்கு விண்ணப்பிக்கலாம். சான்றிதழும் தனித்துவ அடையாள அட்டையும் பெற மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுகவும். எங்கள் பிரிவின் சமூகப் பணியாளர் உடன் உதவுவார்.

குடும்பத்தாருக்கு

“நீ ஒன்றும் செய்ய வேண்டாம், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்” என்பது அன்பின் சொல். ஆயினும் அதையே நாள்தோறும் கேட்பவர், தம்மால் ஒன்றும் ஆகாது என்றே நம்பத் தொடங்குகிறார். வீட்டுக் கணக்கு எழுதுதல், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருதல், கடைக்குத் தொலைபேசியில் சரக்கு சொல்லுதல் என ஒரு பொறுப்பையேனும் முதல் மாதத்திலேயே அவரிடம் ஒப்படையுங்கள். அவர் தொழிலின் கருவிகளை விற்காமல் வைத்திருங்கள். பழைய வேலையைச் செய்ய இயலாவிட்டாலும், பழைய அனுபவம் வீணாவதில்லை.

எல்லாருக்கும் சம்பாதிக்க இயலும் என்று நாங்கள் உறுதி கூறவில்லை. இயலாதவரின் மதிப்பு அதனால் குறைந்துவிடுவதுமில்லை. ஆனால் முயன்று பார்க்கும் வாய்ப்பு எவருக்கும் மறுக்கப்படலாகாது.

அந்தக் கொத்தனாரின் புண் ஆற நான்கு மாதங்கள் ஆயின. இப்போது அவர் தம் மைத்துனரின் கட்டட வேலைகளுக்குச் சிமெண்டு, செங்கல், மணல் கணக்கிட்டுக் கொடுக்கிறார். ஓராண்டு முன்னரே தொடங்கியிருக்கலாம். அடுத்த பரிசோதனைக்கு வரும்போது, காயத்திற்கு முன் என்ன வேலை செய்தீர்கள், எதை மீண்டும் செய்ய விரும்புகிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதி வாருங்கள். மருந்துச் சீட்டோடு சேர்த்து அதையும் பார்ப்போம்.