குனிந்தவருக்கும் கழுத்து வலி, அண்ணாந்தவருக்கும் கழுத்து வலி

கேள்வி: டாக்டர், எனக்கு 61 வயது. சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவள். பால்மரம் வெட்டி, பால் வாளிகளைக் காண்டாவில் தூக்கித்தான் பிள்ளைகளை வளர்த்தேன். ரப்பரை அழித்துச் செம்பனை போட்டதும் தாமானுக்கு வந்துவிட்டோம். இப்போது வீட்டில் ரவிக்கை தைக்கிறேன். தீபாவளி ஆர்டர் தொடங்கியதிலிருந்து வலப்பக்கக் கழுத்து பிடித்துக்கொண்டு தோள்பட்டை வரை இழுக்கிறது. படம் எடுத்துவிட்டு, 'எலும்பு தேய்ந்திருக்கிறது' என்றார்கள். அன்றிலிருந்து பயந்துபோய்க் கழுத்துப்பட்டையைக் கழற்றுவதே இல்லை. இனிப்புநீரும் இருக்கிறது. தோட்டத்தில் பழம் வெட்டும் என் மகனுக்கும் இதே வலி. முடிவெட்டும் கடையில் கழுத்தைச் சொடக்கினால் விட்டுவிடும் என்கிறான். இது குடும்ப வியாதியா? நானும் சொடக்கிக்கொள்ளலாமா?
வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: அம்மா, முதலில் அந்தப் பட்டையைக் கழற்றி வையுங்கள். அடிபட்டு எலும்பு முறிந்தவர்களுக்கும் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கும்தான் அது பெரும்பாலும் தேவைப்படும். உங்களைப் போன்றவர்கள் நாள் முழுக்கப் போட்டிருந்தால் தசை வேலை செய்ய மறந்து, இன்னும் இறுகிவிடும்.

'தேய்மானம்' என்று சொல்லிவிட்டு உங்களை அப்படியே வீட்டுக்கு அனுப்பியிருக்கக் கூடாது. 2015இல் வெளிவந்த ஒரு ஜப்பானிய ஆய்வில், கழுத்தில் எந்தத் தொல்லையும் இல்லாத 1,211 பேரை எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்தார்கள். அவர்களில் பத்துக்கு ஏறக்குறைய ஒன்பது பேருக்கு எலும்புகளுக்கு இடையிலுள்ள ஜவ்வு பிதுங்கியிருந்தது. இருபது வயதுக்காரர்களிலும் பெரும்பாலோருக்கு அப்படித்தான். அறுபது வயதில் படம் எடுத்தால் தேய்மானம் தெரியாமல் இருப்பதுதான் அபூர்வம். வலிக்கு அதுதான் காரணம் என்று படம் சொல்வதில்லை.

உங்கள் வலி எங்கே இருக்கிறது என்று நீங்களே கண்டுபிடிக்கலாம். இடது கையை வலது தோளின் மேல் போட்டு, தோள்பட்டை எலும்பின் மேல்மூலையை, முதுகெலும்பை ஒட்டிய பக்கம், விரலால் அழுத்திப் பாருங்கள். 'அம்மா!' என்று கத்த வைக்கும் ஒரு முடிச்சு கைக்குத் தட்டுப்பட்டால், பெரும்பாலும் தசைப்பிடிப்புதான். கழுத்தின் மேல் எலும்புகளிலிருந்து அந்த மூலைக்கு இறங்கும் தசை, தோளைத் தூக்கிப் பிடிப்பது. தையல் மெஷினில் குனிந்து துணியைத் தள்ளும்போது, ஐந்து கிலோவுக்கு நெருக்கமான தலையைக் கீழே விழாமல் இழுத்துப் பிடிப்பதில் அதற்கும் பங்கு உண்டு. உங்கள் மகன் நெட்டைச் செம்பனையில் அரிவாளை மாட்டி இழுக்க நாளெல்லாம் அண்ணாந்து நிற்கிறார். நீங்கள் கீழே, அவர் மேலே. கழுத்து ஒரே நிலையில் மணிக்கணக்காக நிற்பது இருவருக்கும் பொது. இது குடும்ப வியாதி இல்லை அம்மா, இருவர் செய்யும் வேலையும் தந்த வலி.

சொடக்குவது மட்டும் வேண்டவே வேண்டாம். மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் இரண்டு நாளங்கள் கழுத்தெலும்புகளின் துளைகள் வழியாகத்தான் ஏறுகின்றன. தலையை வெடுக்கென்று திருப்பினால் நாளத்தின் உட்சுவர் கிழிந்து, பக்கவாதம் வரை போனவர்கள் உண்டு. அபூர்வம்தான், ஆனால் வந்தால் மீட்பது கடினம். முடிவெட்டுகிறவரைத் தலையைப் பிடித்துவிடச் சொல்லட்டும், எண்ணெய் தேய்க்கச் சொல்லட்டும். அத்தோடு எழுந்து வரச் சொல்லுங்கள் மகனை.

வலிக்கு வெந்நீர் ஒத்தடம் நல்லது, ஒரு தடவைக்கு கால் மணி நேரம் போதும். இனிப்புநீர் இருப்பவருக்குச் சூடு சரியாக உறைக்காமல் போகலாம், அதனால் துணியை முதலில் வேறு யாராவது தொட்டுப் பார்க்கட்டும். கோடாலித் தைலம் தேய்த்த இடத்தில் சூடு வைத்தால் தோல் வெந்துவிடும். மாத்திரை என்றால் பாராசிட்டமால் போதும்: 500 மில்லிகிராம் இரண்டு, ஆறு மணி நேர இடைவெளி விட்டு, ஒரு நாளில் எட்டுக்கு மேல் போகாமல். ஈரல் கோளாறு இருந்தால் அதையும் மருத்துவரைக் கேட்டுத்தான் போட வேண்டும். டிக்ளோஃபினாக் போன்றவற்றை நீங்களாக வாங்காதீர்கள், சர்க்கரையால் களைத்த சிறுநீரகத்தை அவை மேலும் கெடுக்கும். 'பாரம்பரிய மருந்து' என்று கைமாறி வரும் வலி மாத்திரைகளையும் தொடாதீர்கள். அவற்றில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருப்பதாகச் சுகாதார அமைச்சு பலமுறை எச்சரித்திருக்கிறது. அது உங்கள் சர்க்கரையை எகிற வைக்கும்.

பயிற்சி எளிது. நிமிர்ந்து உட்கார்ந்து, மோவாயை உள்ளே இழுத்துப் பின்னந்தலையை மேலே நீட்டுவதுபோல் ஐந்து விநாடி பிடித்து விடுங்கள். பிறகு தோள்பட்டைகளை முதுகில் ஒன்றையொன்று தொட வைப்பதுபோல் சேர்த்துப் பிடித்து விடுங்கள். ஒவ்வொன்றும் பத்துத் தடவை, காலையும் மாலையும். மெல்ல இழுப்பது போலிருந்தால் சரி, கைக்கு மின்சாரம்போல் வலி ஓடினால் நிறுத்திவிடுங்கள்.

இதைவிட முக்கியமாக ஒன்று கேட்க வேண்டும்: கடைசியாக எப்போது கண் பரிசோதித்தீர்கள்? ஊசிக்காது தெரியாமல் துணியை நோக்கிக் குனிகிறவரைப் பயிற்சியால் நிமிர்த்த முடியாது. கிட்டப் பார்க்கக் கண்ணாடி போடுங்கள், இடப்பக்கம் ஒரு விளக்கு வையுங்கள், மெஷினுக்கு அடியில் பலகை போட்டு உயர்த்துங்கள். இனிப்புநீர்க்காரருக்கு வருடம் ஒருமுறை விழித்திரை பரிசோதனையும் அவசியம். ஒரு ரவிக்கைக்கு ஒருமுறையாவது எழுந்து நடங்கள்.

பெரும்பாலான பிடிப்பு சில வாரங்களில் தளர்ந்துவிடும். ஆனால் கை பலமிழந்து ஊசி நழுவினால், நடை தடுமாறினால், சிறுநீர் கட்டுப்படாமல் போனால், காய்ச்சலோடு கழுத்து விறைத்தால், மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்த பிறகு வலி தொடங்கினால், அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். கழுத்தும் தாடையும் வலித்து, நெஞ்சு அடைத்து, குப்பென்று வியர்த்தால் அது மாரடைப்பாக இருக்கலாம். சர்க்கரை உள்ள பெண்களுக்கு நெஞ்சு வலி இல்லாமலே கூட வரும். 999ஐ அழையுங்கள், தைலத்தைத் தேடாதீர்கள்.

மகனுக்கு: அரிவாளைத் தினமும் கூர்தீட்டினால் இழுக்கத் தேவைப்படும் பலம் குறையும். மரத்தை ஒட்டி நிற்காமல் சற்றுத் தள்ளி நின்றால் கழுத்து குறைவாக மடங்கும், குலை தலையில் விழும் ஆபத்தும் குறையும். சில மரங்களில் குலை வெட்டிவிட்டு, மட்டை அடுக்குவது, பழம் பொறுக்குவது என்று வேலையை மாற்றி மாற்றிச் செய்யச் சொல்லுங்கள். வலி நீடித்தால் அரசு கிளினிக்குக்குப் போய், என்ன வேலை, எப்போதிலிருந்து வலி என்று மருத்துவரிடம் சொல்லிப் பதிந்துகொள்ளட்டும். ஈப்போ ராஜா பெர்மாய்சூரி பைனுன் மருத்துவமனையின் இயன்முறைப் பிரிவுக்கு அனுப்ப வேண்டுமா என்று அவர்கள் பார்ப்பார்கள். வேலையில் அடிபட்டால், சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவுக்கு முதலாளி தெரிவிக்க வேண்டும். 1969ஆம் ஆண்டுச் சட்டம் அந்தப் பாதுகாப்பைத் தந்திருக்கிறது, அன்றைய கிளினிக் சீட்டைப் பத்திரமாக வைத்திருக்கச் சொல்லுங்கள்.