நந்தவனமும் வண்ணத்துப்பூச்சிக் கணக்கும்



நந்தவனம் அமைத்தல் சிவபுண்ணியங்களுள் ஒன்று என்பதை நாம் அறிவோம். சரியைத் தொண்டிலே திருவலகிடுதல், திருமெழுக்கிடுதல் ஆகியவற்றோடு மலர்த்தொண்டும் சேர்த்தே சொல்லப்படுகிறது. திருப்புகலூரில் வாழ்ந்த முருக நாயனார் கோட்டுப்பூ, கொடிப்பூ, நீர்ப்பூ, நிலப்பூ என நால்வகை மலரையும் விடியற்காலையில் கொய்து மாலை தொடுத்து இறைவனுக்குச் சாத்தியதைப் பெரியபுராணத்தில் காண்கிறோம். நமது ஆலயத்திலும் உபயகாரர்களின் நன்கொடையால் 2018ஆம் ஆண்டில் பின்புற நிலத்தில் நந்தவனம் அமைந்தது. வில்வம், எருக்கு, சரக்கொன்றை, அரளி, செம்பருத்தி, நந்தியாவட்டை, துளசி ஆகியவை பூசைக்கு. எலுமிச்சையும் கறிவேப்பிலையும் அன்னதானச் சமையலுக்கு.

இவ்வாண்டு மலருக்கு நந்தவனத்தைப் பற்றி ஒரு கட்டுரை வேண்டும் என்று மலர்க்குழுவினர் கேட்டனர். செடிகளின் பெருமையையும் உபயகாரர் பெயர்களையும் எழுதித் தருவேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். நான் எழுத வந்தது அந்தச் செடிகளைத் தின்னும் புழுக்களைப் பற்றி. பொறுத்தருள வேண்டும்.

2022ஆம் ஆண்டின் இறுதியில் நடந்தது இது. அன்பர் ஒருவர் காலஞ்சென்ற தம் தாயாரின் நினைவாக மூன்று வில்வக் கன்றுகளை உபயம் செய்திருந்தார். அவை இடுப்பளவு வளர்ந்து, பிரதோஷத்திற்கு இலை பறிக்கலாம் என்ற நிலைக்கு வந்திருந்தன. ஒரு வெள்ளிக்கிழமை மாலை அவர் என்னைக் கையோடு அழைத்துச் சென்று காட்டினார். இரண்டு கன்றுகளில் காம்பும் முள்ளுமே மிச்சம். "எங்க அம்மா பேருல வெச்ச கன்னு சார்" என்றார். அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை.

குனிந்து பார்த்தேன். மிஞ்சிய இலைகளின்மேல் பறவை எச்சம் போலக் கறுப்பும் வெள்ளையுமாகச் சில புழுக்கள். கொழுத்த பச்சைப் புழுக்கள் சில. ஒன்றைக் குச்சியால் தொட்டபோது தலைப்பக்கம் கொம்பு போல ஏதோ நீண்டது. ஒரு கெட்ட வாடையும் வந்தது. நந்தவனப் பொறுப்பு என்னுடையது. மறுநாளே பூச்சிமருந்து வாங்கும் ரசீதில் கையெழுத்திட்டு, தோட்டக்காரரிடம் அடிக்கச் சொன்னேன். வில்வத்தோடு நிற்காமல் எலுமிச்சை, கறிவேப்பிலை, எருக்கு என்று எல்லாவற்றிற்கும் அடித்தோம். ஒரு மாதத்தில் வில்வம் தளிர்த்தது. எனக்கு மிகுந்த திருப்தி.

முப்பத்து நான்கு ஆண்டுகள் தமிழ்ப்பள்ளியில் பாடம் நடத்தியவன் நான். முட்டை, புழு, கூட்டுப்புழு, வண்ணத்துப்பூச்சி என்று நான்கு படங்களையும் வட்டமாகக் கரும்பலகையில் வண்ணச் சுண்ணக்கட்டியால் எத்தனையோ முறை வரைந்திருக்கிறேன். அந்த இரண்டாவது படம் உயிரோடு எதிரே வந்து நின்றபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை. அடுத்த தைப்பொங்கலின்போது சமய வகுப்புப் பிள்ளைகளை நந்தவனத்தில் உட்காரவைத்துப் படம் வரையச் சொன்னோம். எல்லாப் பிள்ளைகளும் பூவின்மேல் வண்ணத்துப்பூச்சி வரைந்திருந்தார்கள். ஒரு சிறுமி மட்டும் வரையவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, "இங்க ஒன்னுமே பறக்கலையே சார்" என்றாள். நன்றாகக் கவனித்திருக்கிறாள் என்று பாராட்டிவிட்டு நகர்ந்துவிட்டேன்.

2023ஆம் ஆண்டு ஜூன் மாதம் இங்கிலாந்தில் வசிக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். அந்த நாட்டில் அது கோடையின் தொடக்கம். இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளும் பேரனும் என்னைச் சாமர்செட் மாவட்டத்திலுள்ள காலர்டு ஹில் என்னும் குன்றுக்கு அழைத்துச் சென்றார்கள். தெற்கு நோக்கிய புல் சரிவு. கீழே பச்சைச் சமவெளி. ஊரில் பார்க்க எவ்வளவோ இருக்க இந்த மொட்டைக் குன்றுக்கு ஏன் வந்தோம் என்று மனத்துக்குள் அலுத்துக்கொண்டேன்.

சரிவில் ஓர் அம்மையார் கையில் தாளும் பென்சிலுமாக, ஒற்றையடிப் பாதையில் கோயில் பிரகாரம் சுற்றுவதுபோல ஒரே சீராக நடந்துகொண்டிருந்தார். வண்ணத்துப்பூச்சிகளை எண்ணுகிறார் என்று பேரன் சொன்னான். பேச்சுக் கொடுத்தோம். கூடவே நடக்கலாம், ஆனால் முன்னால் போகக்கூடாது என்று அனுமதி கொடுத்தார்.

அந்த முறையைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனெனில் நாமும் செய்யக்கூடியது. மாங்ஸ் வுட் என்ற ஆய்வு நிலையத்தில் எர்னி பொல்லார்டு என்பவர் 1970களில் வகுத்தது. 1976 முதல் பிரிட்டன் முழுவதும் இம்முறையில் கணக்கெடுக்கிறார்கள். ஒரு பாதையைத் தேர்ந்தெடுத்துக்கொள்ள வேண்டும். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை வாரம் ஒருமுறை அதே பாதையில், அதே நடையில் செல்ல வேண்டும். நடப்பவரோடு கண்ணாடிப் பெட்டி ஒன்று நகர்வதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள்: இடப்பக்கம் இரண்டரை மீட்டர், வலப்பக்கம் இரண்டரை மீட்டர், முன்னால் ஐந்து மீட்டர். அந்தப் பெட்டிக்குள் வருவதை மட்டும் எண்ண வேண்டும். முற்பகல் 10.45க்கு முன்னும் பிற்பகல் 3.45க்குப் பின்னும் எண்ணக்கூடாது. வெப்பம் 13 டிகிரிக்குக் குறைந்தால் எண்ணக்கூடாது. 13 முதல் 17 வரை என்றால் வெயில் அடித்தால்தான் எண்ணலாம். நமக்கு அந்தக் கவலை கிடையாது!

பழுப்பு நிறப் பூச்சி ஒன்று என் முதுகுக்குப் பின்னால் பறந்தது. உற்சாகத்தில் காட்டினேன். அது கணக்கில் சேராது என்று தலையசைத்தார். பாதையின் ஒரு பகுதி முடிந்ததும் தாளில் ஒரு கட்டத்தில் சுழியம் எழுதினார். ஒன்றும் இல்லாததற்கு எழுதுவானேன் என்று கேட்டேன். எழுதாமல் விட்டால், பின்னால் பார்ப்பவருக்குப் பூச்சி வரவில்லையா, எண்ணுகிறவர் வரவில்லையா என்று தெரியாதே என்றார். வருகைப் பதிவேட்டை இத்தனை ஆண்டுகள் எழுதிய எனக்கு அது சட்டென்று புரிந்தது.

அவர் முக்கியமாகத் தேடியது லார்ஜ் புளூ என்ற நீல வண்ணத்துப்பூச்சியை. அதன் கதையை அவர் சொல்ல, மகள் இடையிடையே தமிழில் விளக்கினாள். அதற்குப் பிறகு எனக்குக் குன்றைப் பற்றிய அலுப்புப் போய்விட்டது.

இந்தப் பூச்சி தைம் என்னும் சிறு செடியின் மொட்டில் முட்டையிடுகிறது. அந்தச் செடியைக் கசக்கி முகர்ந்தால் நம் ஓமத்தின் வாசனை. புழு சுமார் மூன்று வாரம் மொட்டைத் தின்று, பிறகு தரையில் விழுந்து கிடக்கும். அவ்வழியே வரும் ஒருவகைச் செவ்வெறும்பு அதைத் தன் குஞ்சு என்று எண்ணித் தூக்கிக்கொண்டு புற்றுக்குள் போய்விடும். உள்ளே அது பத்து மாதம் எறும்புக் குஞ்சுகளையே தின்று வளர்ந்து, கூட்டுப்புழுவாகி, அடுத்த கோடையில் இறக்கையோடு வெளியே வரும். குயில் காக்கைக் கூட்டில் வளர்வதைவிட விந்தை இது.

இவ்வளவு அழகான பூச்சி 1979இல் பிரிட்டனில் அடியோடு அற்றுப்போனது. வலை வைத்துப் பிடித்துச் சேகரிப்பவர்களால்தான் குறைகிறது என்று முதலில் எல்லாரும் நம்பினார்கள். பாதுகாப்பதற்காக வேலி போட்டார்கள். வேலி சேகரிப்பவர்களோடு ஆடுமாடுகளையும் தடுத்துவிட்டது. மேய்ச்சல் நின்றது. 1950களில் கொள்ளைநோய் வந்து முயல்களும் மடிந்தன. புல் உயர்ந்தது, மண்ணில் வெயில் படவில்லை, மண் குளிர்ந்ததும் அந்தக் குறிப்பிட்ட செவ்வெறும்பு அவ்விடத்தை விட்டுப்போய், வேறு எறும்புகள் குடியேறின. அவற்றின் புற்றுக்குள் போன புழு பெரும்பாலும் பிழைக்கவில்லை. ஜெரமி தாமஸ் என்ற அறிஞர் கடைசியாக எஞ்சியிருந்த கூட்டத்தைப் பல கோடைகள் எண்ணியும் கவனித்தும் இதைக் கண்டுபிடித்தார். கண்டுபிடிப்பதற்குள் காலம் கடந்துவிட்டது. பின்னர் 1983இல் சுவீடனின் ஓலண்டுத் தீவிலிருந்து அதே இனத்தைக் கொண்டுவந்தார்கள். புல்லை மாடு மேய்த்துக் குட்டையாக வைத்தார்கள். எறும்பு திரும்பியது, பூச்சியும் நிலைத்தது. காலர்டு குன்றில் 2000ஆம் ஆண்டு விட்டார்கள்.

அன்று ஒரே ஒரு லார்ஜ் புளூவைத்தான் கண்டோம். கட்டை விரல் அளவு நீலம், மேல் இறக்கையில் கறுப்புப் புள்ளிகள். தைம் செடியின்மேல் அமர்ந்து வயிற்றை வளைத்தது. அம்மையார் மண்டியிட்டுப் பார்த்தார். என்னையும் பார்க்கச் சொன்னார். என் முழங்கால் வலியோடு குனிந்தேன். ஊதா மொட்டுகளுக்கு நடுவே வெள்ளையாக, கடுகினும் சிறிய ஒரு முட்டை.

எனக்கு நம் வில்வக் கன்று ஞாபகம் வந்தது. நன்மை என்று நினைத்து வேலி போட்டவர்களுக்கும், மருந்து ரசீதில் கையெழுத்துப் போட்ட எனக்கும் அதிக வித்தியாசம் தெரியவில்லை. அன்றிரவு மகளின் வீட்டில் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன். வில்வம், எலுமிச்சை, கறிவேப்பிலை மூன்றும் ஒரே தாவரக் குடும்பம். தமிழ்நாட்டு ஆர்வலர்கள் எலுமிச்சை அழகி என்று பெயரிட்டிருக்கும் வண்ணத்துப்பூச்சியின் புழுதான் நான் கொன்றது. பறவை எச்சம் போலிருப்பது அதன் இளம் பருவத்து வேடம்; நீண்ட கொம்பு எதிரியை விரட்டும் கருவி. எருக்கின் நச்சுப்பாலைத் தின்று வளர்வது வெந்தய வரியன். அந்த நஞ்சு உடலில் தங்குவதால் பறவைகள் அதைத் தொடுவதில்லை. சரக்கொன்றையைத் தின்று வளரும் மஞ்சள் பூச்சி ஒன்று உண்டு. சிவனுக்கும் பிள்ளையாருக்கும் நாம் சாத்துவதையே இவை உண்கின்றன. தேன் குடிக்கப் பல பூக்கள் போதும். ஆனால் புழுவுக்குத் தனக்கென்று விதித்த இலை கிடைக்காவிட்டால் பட்டினிதான். பூவை மட்டும் நட்டுவிட்டு வண்ணத்துப்பூச்சி வரவில்லையே என்று நாம் வருந்துவது அதனால்தான்.

ஊர் திரும்பியதும் நிர்வாகக் கூட்டத்தில் இதைச் சொன்னேன். மருந்தடிப்பதை நிறுத்த வேண்டும் என்றதற்கு எதிர்ப்பு வந்தது. "பிரதோஷத்துக்கு இலைய வெளியில காசு கொடுத்து வாங்கறதா, சார்?" என்று பொருளாளர் கேட்டார். நியாயமான கேள்விதான். நீண்ட நேரம் பேசி, இரண்டு வில்வக் கன்றுகளுக்குக் கொசுவலை போட்டு மூடுவது, ஒன்றை விட்டுவிடுவது, பின்சுவர் ஓரமாகக் கூடுதலாக நான்கு எலுமிச்சைக் கன்றுகள் நடுவது என்று முடிவாயிற்று. மருந்து அறவே இல்லை. உபயம் செய்த அன்பரிடம் கேட்காமல் செய்யக்கூடாது என்று நானே அவர் வீட்டுக்குப் போனேன். அவர் சற்று நேரம் யோசித்தார். "எங்க அம்மா வந்தவங்கள சாப்பிட வைக்காம அனுப்ப மாட்டாங்க சார். நடுவுல இருக்கறத விட்டுடுங்க" என்றார்.

2023 ஆகஸ்டு முதல் சனிக்கிழமை தோறும் காலை பத்து மணிக்கு எண்ணி வருகிறேன். தண்ணீர்த் தொட்டியிலிருந்து பின் கேட்டு வரை நூற்றிருபது எட்டு. நமக்குக் கோடை, குளிர் என்ற பிரிவு இல்லாததால் ஆண்டு முழுவதும் எண்ணலாம். மழை பெய்தால் மட்டும் மறுநாள். எழுதுவது நம் மளிகைக்கடைக் கடன்கணக்குக்குப் பேர்போன 555 நோட்டுப் புத்தகத்தில்தான். முதல் ஐந்து வாரமும் சுழியம், அல்லது ஒன்று. ஆறாவது வாரம் கறிவேப்பிலையைச் சுற்றி வெள்ளைப் பட்டை போட்ட கறுப்புப் பூச்சி ஒன்று. கறிவேப்பிலை அழகி என்பது அதன் பெயர். பிறகு மெல்லக் கூடியது. கொசுவை ஒழிக்கப் பக்கத்துத் தெருவில் புகை அடித்த வாரங்களில் குறைந்தது. அதையும் குறித்திருக்கிறேன். காரணம் அதுதான் என்று சொல்ல இன்னும் சில ஆண்டுக் கணக்கு வேண்டும்.

ஆண்டுக் கணக்கு என்பதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. பிரிட்டனில் 1970களிலிருந்து ஐந்தில் நான்கு வண்ணத்துப்பூச்சி இனங்கள் எண்ணிக்கையிலோ பரப்பிலோ குறைந்துள்ளன என்று 2022இல் வந்த அறிக்கை கூறுகிறது. அங்கே இருப்பவை அறுபதுக்கும் குறைவான இனங்களே. மேற்கு மலேசியாவில் மட்டும் ஆயிரத்துக்கும் மேல். அவற்றுள் எது கூடுகிறது, எது குறைகிறது என்று தோட்டத்துக் காலத்தில் எங்கள் லயத்து வீடுகளின் பின்னால் ஒருவரும் எழுதி வைக்கவில்லை. அப்போது நிறைய இருந்தன என்று என்னைப் போன்ற வயதானவர்கள் சொல்வோம். அது ஞாபகம், கணக்கு அல்ல.

படத்தில் வண்ணத்துப்பூச்சி வரையாத அந்தச் சிறுமி இப்போது இடைநிலைப் பள்ளி மாணவி. சனிக்கிழமைகளில் அவள்தான் எனக்கு முன்னால் போகாமல் பக்கத்தில் நடக்கிறாள். என் கண்ணுக்குத் தெரியாத சிறு பூச்சிகள் அவளுக்குத் தெரிகின்றன. மகள் வீட்டுக்கு நான் மறுபடி செல்லும் இரண்டு மாதத்திற்கு அவளோடு நடக்கப் பெரியவர் ஒருவர் தேவை. பெயர் கொடுக்க விரும்பும் அன்பர்கள் ஆலய அலுவலகத்தில் சொல்லலாம். நோட்டுப் புத்தகம் இடப்பக்க இழுப்பறையில் இருக்கிறது, பென்சிலோடு.

இக்கட்டுரையை எழுதும் வாரத்துக் கணக்கு: எலுமிச்சை அழகி மூன்று, கறிவேப்பிலை அழகி ஒன்று, வெந்தய வரியன் இரண்டு, பெயர் தெரியாத மஞ்சள் ஐந்து. செம்பருத்தி ஓரம் சுழியம். வலை போடாத நடு வில்வத்தில் இலைகள் பாதி, முட்டை நான்கு.