வரிசைக்கு ஒரு பொறுப்பாளர்: வெள்ளத்திற்கு முன் கூடுவோம்

வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்பது நம் முன்னோர் வாக்கு. அணை போடுவது அரசாங்கத்தின் வேலை என்று நாம் அதைக் கேட்டும் கேளாமலும் விட்டுவிடுகிறோம். ஆயினும், நாமே செய்யக்கூடியதும் நாம் மட்டுமே செய்யக்கூடியதுமான ஒரு வேலை இருக்கிறது. நள்ளிரவில் நீர் ஏறும்போது எந்த வீட்டுக் கதவை முதலில் தட்டுவது என்பதை முன்கூட்டியே தீர்மானித்து வைப்பதே அவ்வேலை. ஸ்ரீ கெம்பாங்கானில் எங்கள் குடியிருப்பில் இதற்கென ஒரு குழுவை அமைத்தவர்களுள் ஒருவன் என்ற முறையில், அதன் வழிமுறையை மலரின் வாசக அன்பர்களுக்கு எடுத்துரைக்க விழைகிறேன்.

2021 தந்த பாடம்

2021 டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களில் கிள்ளான் பள்ளத்தாக்கு கண்ட வெள்ளத்தை யாரும் மறந்திருக்க முடியாது. கிழக்குக் கரையில் நுழைந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலத்தால் மழை ஓயாமல் பெய்தது. ஒரு மாதத்தில் பெய்ய வேண்டிய மழை சில இடங்களில் ஏறக்குறைய ஒரே நாளில் கொட்டியது. கிள்ளான் ஆற்றை ஒட்டிய தாழ்வான பகுதியான ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் வீடுகளின் கீழ்த்தளங்கள் மூழ்கின. மக்கள் மேல்மாடியிலும் கூரையிலும் இரவைக் கழித்தனர். அதே தாமான் 1995-ஆம் ஆண்டிலும் வெள்ளத்தைக் கண்ட இடம்தான். 2021 வெள்ளத்தில் நாடு முழுவதும் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்; அவர்களுள் பலர் நம் சிலாங்கூரைச் சேர்ந்தவர்கள்.

அந்நாள்களில் நல்லுள்ளங்களுக்குப் பஞ்சம் இருக்கவில்லை. சொந்தப் படகுகளையும் கயாக்குகளையும் எடுத்துக்கொண்டு இளைஞர்கள் வந்தார்கள். பெட்டாலிங் ஜெயா குருத்துவாராவில் ஆயிரக்கணக்கான உணவுப் பொட்டலங்கள் தயாராயின. ஆனால், படகில் வந்த தொண்டருக்கு எந்த வீட்டில் படுத்த படுக்கையாய் முதியவர் இருக்கிறார், எந்த வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது என்பது எப்படித் தெரியும்? அது பக்கத்து வீட்டாருக்குத்தான் தெரியும். வெளியார் உதவி வந்து சேரும் வரையிலான அந்தச் சில மணி நேரம் அக்கம்பக்கத்தாரின் கையில்தான் இருக்கிறது.

நம் இடத்து நீரை அறிதல்

ஸ்ரீ கெம்பாங்கான் ஈயச் சுரங்கங்களோடு வளர்ந்த ஊர். இன்று மைன்ஸ் ஏரியாக நாம் பார்க்கும் நீர்ப்பரப்பு, ஒரு காலத்தில் திறந்தவெளி ஈயச் சுரங்கமாக இருந்தது. பழைய ஈயக் குட்டைகளும் புதர் நிலங்களும் மழைநீரைத் தேக்கி வைத்தன. அவ்வாறான நிலங்களில் கட்டடமும் தார்ச்சாலையும் வரும்போது, பெய்த நீர் மண்ணில் இறங்க வழியின்றிச் சாக்கடைகளை நோக்கி ஒரே நேரத்தில் பாய்கிறது. குப்பை அடைத்த ஒரு கால்வாய் போதும், ஒரு மணி நேர மழையில் தெருவில் முழங்கால் அளவு நீர் நிற்க.

கோலாலம்பூரில் 2007-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட 9.7 கிலோமீட்டர் நீள ஸ்மார்ட் சுரங்கம் தலைநகரின் மையப் பகுதியைக் காக்கிறது. நம் தெருவுக்கு அப்படி ஒரு சுரங்கம் கிடையாது.

நமக்கு வரக்கூடிய வெள்ளம் இருவகை. மாலை இடிமழையால் வரும் திடீர் வெள்ளம் முதல் வகை. ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் இதற்கு வாய்ப்பு மிகுதி. இது விரைவில் ஏறி விரைவில் வடியும். நாள் முழுதும் பெய்யும் தொடர்மழையால் ஆறு பெருகி வருவது இரண்டாம் வகை. இது மெல்ல ஏறும், நாள்கணக்கில் நிற்கும். முதல் வகைக்குக் காரை நகர்த்தவே நேரம் போதாது. இரண்டாம் வகைக்கு வெளியேற நேரம் உண்டு, ஆனால் வெளியேற மனம் வருவதில்லை. குழுவின் திட்டத்தில் இரண்டுக்கும் தனித்தனி ஏற்பாடு இருக்க வேண்டும்.

குழுவை அமைக்கும் முறை

முதலாவது, தாமான் முழுவதற்கும் ஒரே குழு என்று தொடங்காதீர்கள். பத்துப் பன்னிரண்டு வீடுகள் கொண்ட ஒரு வரிசைக்கு ஒரு பொறுப்பாளர், அவருக்கு ஒரு துணை என்று தொடங்குங்கள். துணை கட்டாயம் வேண்டும். மழை வரும் வேளையில் பொறுப்பாளர் வேலையில் இருக்கக்கூடும். பகலில் வீட்டில் இருக்கும் குடும்பத் தலைவிகளும் ஓய்வு பெற்றவர்களும் இப்பணிக்கு மிகவும் ஏற்றவர்கள். உங்கள் இடத்தில் ருக்குன் தெத்தாங்கா இயங்கினால் அதனோடு சேர்ந்தே செய்யுங்கள். 1975 முதல் இருந்துவரும் அமைப்பு அது. பல இனத்தவரும் அதில் இருப்பதால் நம் குழுவும் ஓர் இனத்தின் குழுவாகச் சுருங்கிவிடாது.

இரண்டாவது, பட்டியல். ஒவ்வொரு வீட்டிலும் எத்தனை பேர், நடக்க இயலாதவர் யார், இரத்தச் சுத்திகரிப்புக்குச் செல்பவர் யார், இன்சுலின் போடுபவர் யார், தனியே இருப்பவர் யார் என்று வீடு வீடாகக் கேட்டு எழுத வேண்டும். இவ்விவரங்கள் பொறுப்பாளரிடமும் துணையிடமும் மட்டுமே தாளில் இருக்கட்டும். புலனக் குழுவில் பகிரக்கூடாது. வாடகை வீடுகளில் தங்கியிருக்கும் வங்காளதேச, நேப்பாள, மியன்மார் தொழிலாளர்களை விட்டுவிடாதீர்கள். வானொலி எச்சரிக்கை அவர்களுக்குப் புரியாமல் போகலாம். அவர்களைக் கேட்க வருபவரும் குறைவு.

நாங்கள் பட்டியல் எடுத்தபோது ஒரு வீட்டுப் பாட்டி, “நாப்பது வருசமா இங்கதான்யா இருக்கேன், தண்ணி படியேறுனதே இல்ல. நான் எங்கயும் வரமாட்டேன்” என்று உறுதியாகச் சொல்லிவிட்டார். மகன் சிங்கப்பூரில். செயலவையினர் நால்வர் போய்ப் பேசியும் பலனில்லை. ஆனால், நாள்தோறும் அவருக்குப் பூ வாங்கிக் கொடுக்கும் எதிர்வீட்டுச் சீனப் பெண்மணி சொன்னதும், “நீ வந்து கூப்பிட்டா வர்றேன் மா” என்றார். அன்று முதல் அந்தக் கதவைத் தட்டும் பொறுப்பு அந்த அம்மையாருக்கே தரப்பட்டது. பதவியைப் பார்த்து ஆளை அனுப்புவதைவிட, நம்பிக்கையைப் பார்த்து அனுப்புவதே பயன் தரும். அந்த நம்பிக்கையை வெயில் காலத்தில்தான் அறிந்துகொள்ள முடியும்.

எச்சரிக்கைப் படிகள்

மூன்றாவது, எந்த அறிகுறிக்கு எந்தச் செயல் என்பதை எழுதி வைக்க வேண்டும். வானிலை ஆய்வு இலாகா தொடர்மழை எச்சரிக்கையை மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என மூன்று நிலைகளில் வெளியிடுகிறது. வடிகால் நீர்ப்பாசன இலாகாவின் பப்ளிக் இன்ஃபோ பாஞ்சிர் இணையத்தளத்தில் ஆறுகளின் நீர்மட்டம் சாதாரணம், விழிப்பு, எச்சரிக்கை, அபாயம் என நான்கு நிலைகளில் காட்டப்படுகிறது. இவற்றைப் பார்ப்பதற்கென்றே ஒருவரை நியமியுங்கள்.

எங்கள் ஏற்பாடு எளியது. மழை எச்சரிக்கை வந்ததும் புலனக் குழுவில் செய்தி, வாகனங்கள் மேட்டுக்கு, அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம், வீட்டுப் பத்திரம், மருந்து ஆகியவை ஒரு நெகிழிப் பைக்குள். கால்வாய் நீர் நாங்கள் சாயம் பூசி வைத்துள்ள கோட்டைத் தொட்டால், முதியோரும் குழந்தைகளும் புறப்பட வேண்டும். நீர் தெருவுக்கு வந்தால் அனைவரும். மின்சாரமும் தொலைபேசியும் நின்றுபோனால் என்ன செய்வது? அதற்காகவே ஒவ்வொரு பொறுப்பாளரிடமும் ஒரு விசிலும் கைவிளக்கும் இருக்கின்றன.

நீர் வாசலை எட்டும் முன்பே, கை காய்ந்திருக்கும்போதே, மெயின் சுவிட்சை அணைத்துவிட வேண்டும். ஓடும் நீர் கணுக்காலுக்குச் சற்று மேலே இருந்தாலே ஆளைத் தள்ளிவிடும். ஓரடி நீர் சிறு காரை மிதக்க வைக்கும். ஆகவே நீரில் இறங்கி மீட்பது நம் குழுவின் வேலையன்று. அதற்கு 999 என்ற எண்ணை அழைத்து, பட்டியலில் உள்ள விவரத்தைத் தெளிவாகச் சொல்வதே நம் வேலை.

ஆலய மண்டபத்தின் பங்கு

தற்காலிகத் துயர் துடைப்பு மையங்களில் தங்குவோரைக் கவனிப்பது சமூக நல இலாகா. ஆகவே, மேட்டில் அமைந்த ஆலய மண்டபம் உங்களிடம் இருந்தால், எத்தனை பேர் தங்கலாம், கழிப்பறை எத்தனை, சமையற்கூடம் உண்டா என்ற விவரங்களை நிர்வாகம் இப்போதே அவ்விலாகாவிடமும் பொதுத் தற்காப்புப் படையிடமும் தெரிவித்து வைக்கலாம். திருவிழாவில் ஆயிரம் பேருக்கு அன்னதானம் சமைத்த கைகளுக்கு இது புதிய வேலை அன்று. உணவு எல்லா இனத்தவருக்கும் பொதுவாக இருக்க வேண்டும்.

வெள்ளம் வடிந்த பின்பும் குழு கலைந்துவிடக் கூடாது. சேறு கழுவுவோர் காலணியும் கையுறையும் அணிய வேண்டும். எலிச் சிறுநீர் கலந்த நீரால் பரவும் எலிக்காய்ச்சல் உயிரைப் பறிக்கக்கூடியது. காய்ச்சல் கண்டவரை உடனே மருந்தகத்துக்கு அனுப்ப வேண்டும்.

அயலார் காட்டிய வழி

இதெல்லாம் நடக்கிற காரியமா என்று கேட்பவர்களுக்கு வங்காளதேசத்தைக் காட்டுகிறேன். 1970-ஆம் ஆண்டுப் புயலில் அங்கே இலட்சக்கணக்கானோர் மாண்டனர். அதன்பின் செஞ்சிலுவைச் சங்கத்தின் முயற்சியால் 1972-இல் கிராமத் தொண்டர் படை தொடங்கப்பட்டது. ஒலிபெருக்கியும் எச்சரிக்கைக் கொடியும் கொண்டு வீடு வீடாகச் சென்று மக்களைப் பாதுகாப்பிடங்களுக்கு அனுப்புவதே அவர்கள் பணி. புயல்கள் இன்றும் வருகின்றன. ஆனால் அண்மைப் புயல்களில் மாண்டோர் தொகை அந்தப் பழைய தொகையில் மிகச் சிறு பங்கே. செல்வமில்லாத நாட்டுக் கிராமத்தாரால் முடிந்தது நம்மால் முடியாதா?

அன்பர்களே, பெரிய நிதி வேண்டியதில்லை. ஒரு நோட்டுப் புத்தகம், சில விசில்கள், ஆண்டுக்கு இருமுறை ஒத்திகை, மாதம் ஒருமுறை கால்வாய்த் துப்புரவு. ஏப்ரலுக்கு முன் ஒன்று, அக்டோபருக்கு முன் ஒன்று என ஒத்திகை வைத்துக்கொள்ளுங்கள். வீடு மாறிப் போனவரை நீக்கி, புதிதாய் வந்தவரைச் சேருங்கள். இந்த மலரைப் படித்து முடித்ததும், உங்கள் வரிசையில் இருக்கும் வீடுகளை மனத்தில் எண்ணிப் பாருங்கள். எந்த வீட்டில் யார் இருக்கிறார் என்று தெரியவில்லையோ, அந்த வீட்டிலிருந்தே உங்கள் பணியைத் தொடங்குங்கள்.