முறுக்கைப் போல் பிழியப்படும் உலோகம்

மாணவர்களே, உங்கள் வகுப்பறையில் பக்கவாட்டில் நகரும் சன்னல் இருந்தால் அதன் சட்டத்தைக் கவனியுங்கள். கண்ணாடி ஓடுவதற்குப் பள்ளம் விட்ட அந்த அலுமினியச் சட்டமே ‘சேனல்’. அதன் வடிவம் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை சிறிதும் மாறாமல் இருப்பது எப்படி?

முறுக்கு பிழிவதை நினைத்துப் பாருங்கள். அச்சின் துளை நட்சத்திர வடிவில் இருந்தால், மாவும் அதே வடிவில் வெளிவரும். தொழிற்சாலையிலும் இதே முறைதான். உருளை வடிவ அலுமினியக் கட்டியை 450 முதல் 500 பாகை செல்சியஸ் வரை சூடாக்குவார்கள். அலுமினியம் 660 பாகையில்தான் உருகும். ஆகவே, கட்டி உருகாமல் இளகி நிற்கும். நீரழுத்த இயந்திரம் அதை எஃகு அச்சின் துளை வழியாகத் தள்ளும்போது நீண்ட சட்டம் வெளிவருகிறது. அதைக் குளிரவைத்து, இழுத்து நேராக்கி, வெட்டுவார்கள்.

பிறகு, சட்டத்தை ஏறத்தாழ 180 பாகை வெப்பத்தில் சில மணி நேரம் வைப்பார்கள். அலுமினியத்தில் கலந்துள்ள சிறிதளவு மக்னீசியமும் சிலிக்கனும் அப்போது ஒன்றுசேர்ந்து நுண்துகள்களாகின்றன. அவையே சட்டத்திற்கு உறுதி தருகின்றன.

வடிவம் தரும் வலிமை

அலுமினியத்தின் அடர்த்தி எஃகின் அடர்த்தியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. ஆனால், வளைவை எதிர்க்கும் விறைப்பும் மூன்றில் ஒரு பங்குதான். இந்தக் குறையை ஈடுகட்டுவது வடிவம்.

30 மில்லிமீட்டர் அகலமும் 3 மில்லிமீட்டர் தடிப்பும் கொண்ட அளவுகோலைப் படுக்கவைத்து அழுத்தினால் எளிதில் வளையும். விளிம்பில் நிமிர்த்தி வைத்து அழுத்தினால் அதன் விறைப்பு 100 மடங்கு அதிகம். விறைப்பு உயரத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடும். உயரம் 10 மடங்காகும்போது விறைப்பு 1,000 மடங்காகும். அகலம் பத்தில் ஒன்றாகக் குறைவதால் அது 100 மடங்கில் நிற்கிறது. சேனலின் இரு பக்கச் சுவர்களும் இப்படி நிமிர்த்திய அளவுகோல்களே. உலோகம் கொஞ்சம்தான், தாங்கும் சுமையோ அதிகம்.

எங்கெல்லாம் பயன்படுகிறது?

தொழிற்சாலை இயந்திரங்களின் சட்டகங்களில் பள்ளமுள்ள அலுமினியச் சட்டங்களைத் திருகாணியால் இணைக்கிறார்கள். பற்றவைப்பு தேவையில்லை, வேண்டும்போது கழற்றி மாற்றி அமைக்கலாம்.

எல்இடி விளக்குப் பட்டைகளையும் அலுமினியச் சேனலில் பொருத்துகிறார்கள். அலுமினியம் எஃகைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும். விளக்கின் சூடு விரைவில் வெளியேறுவதால் அதன் ஆயுள் நீடிக்கிறது.

காற்று பட்டதும் அலுமினியத்தின் மேல் மெல்லிய ஆக்சைடு படலம் உருவாகி அதைக் காக்கிறது. எனவே, மழையும் ஈரமும் மிகுந்த நம் நாட்டிலும் அது எஃகைப் போல் துருப்பிடிப்பதில்லை. பழைய சட்டங்களை உருக்கி மீண்டும் பயன்படுத்தலாம். அதற்குப் புதிய அலுமினியம் தயாரிக்கத் தேவைப்படும் ஆற்றலில் சுமார் 5 விழுக்காடு போதும்.

செய்து பாருங்கள்

இரு புத்தகங்களுக்கு இடையே ஒரு தாளைப் பாலம்போல் வைத்து, அதன்மேல் நாணயங்களை ஒவ்வொன்றாக அடுக்குங்கள். பின்னர், அதே தாளின் இரு ஓரங்களையும் மேல்நோக்கி மடித்துச் சேனலாக்கி மீண்டும் அடுக்குங்கள். எத்தனை நாணயங்கள் கூடுதலாகத் தாங்கின? மடிப்பின் உயரத்தைக் கூட்டினால் என்ன ஆகும்?